விசிறியும் குண்டூசியும்

பகடி மேடை – வரலாற்றுத் தொடர்: 9

சென்ற வாரம் நாடகக் குழு நடத்திய லிடியா தாம்சனைச் சிகாகோ நீதிமன்றத்தில் 100 டாலர் அபராதத்தோடு நிறுத்திவிட்டுப் போனேன். தன் குழுப் பெண்களைப் பற்றிக் கேவலமாக எழுதிக்கொண்டே இருந்த ‘சிகாகோ டைம்ஸ்’ ஆசிரியர் வில்பர் ஸ்டோரியைத் தெருவில் மறித்துக் குதிரைச் சாட்டையால் விளாசிய குற்றத்துக்கு. அது 1870. இந்த வாரமும் சிகாகோதான். ஆனால் வருடம் 1933. கதாநாயகி வேறு. கையில் சாட்டை இல்லை, நெருப்புக்கோழி இறகால் செய்த இரண்டு விசிறிகள்.

நடுவில் ஓடிய அறுபது வருடங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். ‘பூர்லா’ என்றால் இத்தாலிய மொழியில் கேலி. இந்தத் தொடர் பேசும் பகடி மேடைக்கு பர்லெஸ்க் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. லிடியா தாம்சன் 1868இல் நியூயார்க்கில் ‘இக்ஸியான்’ நாடகத்தைப் போட்டபோது, கிரேக்கக் கடவுள்களை நையாண்டி செய்ததும் பெண்கள்தான், ஆண் வேடம் கட்டிக் கால் தெரிய நின்றதும் பெண்கள்தான். வாயும் உடம்பும் ஒரே ஆளிடம் இருந்தன. பிறகு வந்த முதலாளிகள் இரண்டையும் பிரித்துவிட்டார்கள். சிரிப்பு ஆண்களுக்குப் போயிற்று. நம்மூர் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வந்து இரட்டை அர்த்தத்தில் கொட்டகையைக் கலகலக்க வைப்பாரே, அந்த இடம் அவர்களுக்கு. பெண்கள் வாயை மூடிக்கொண்டு ஆடினால் போதும் என்றாகிவிட்டது. 1893இல் இதே சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ‘கெய்ரோ தெரு’வில் பெண்கள் இடுப்பு நடனம் ஆடியதைப் பார்த்துக் கூட்டம் அலைமோதியது. அதன்பின் அமெரிக்கா முழுக்க ‘லிட்டில் ஈஜிப்ட்’ என்ற பெயரில் ஆடாத நடனக்காரி இல்லை. அசல் யார் என்று கடைசிவரை சண்டை ஓயவில்லை.

1920களில் பர்லெஸ்க் கொட்டகைக்குள் நுழைந்தால் என்ன கிடைக்கும்? கோமாளிகளின் குட்டி நாடகங்கள், கூட்டு நடனம், ஒரு பாட்டு, நடுவில் ஒரு பெண் மேடைக்கு வந்து உடைகளை ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டே நடப்பது. ஸ்ட்ரிப்டீஸ் என்பது இந்தக் கடைசி அம்சம். கேரி ஃபின்னெல் என்ற நடனக்காரி, வாரத்துக்கு ஓர் உடுப்பு மட்டும் கழற்றுவேன் என்று அறிவித்து, கிளீவ்லாந்து நகரில் ஓராண்டுக்கு மேல் அதை இழுத்ததாக நாடகக்காரர்கள் சொல்வார்கள். தொடர்கதை எழுதுகிறவன் பொறாமைப்பட வேண்டிய சாமர்த்தியம்.

வீட்டுப் பெரியவர்கள் யாராவது இதைப் படித்து முகம் சுளித்தால் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் நான் பேசப்போவது உடையைக் கழற்றுவதைப் பற்றி அல்ல, மறைப்பதைப் பற்றி. அந்தப் பெண்களின் தொழில் நுட்பமெல்லாம் மறைப்பில்தான் இருந்தது.

இதைப் புரிந்துகொள்ளச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அன்றைய நியூயார்க்கில் ஒரு விநோதமான வழக்கம். பிராட்வேயில் பெரிய மனிதர்கள் நடத்திய ஆடம்பர மேடைக்காட்சிகளில் ஒரு பெண் ஆடையில்லாமல் சிலைபோல நிற்கலாம். நின்றால் கலை. விரலை அசைத்தால் ஆபாசம், போலீஸ் வரும். லண்டனிலும் அப்படியே. 1932இல் இருந்து விண்ட்மில் தியேட்டரில் நடந்த காட்சிகளுக்கு, நாடகத் தணிக்கைக்குப் பொறுப்பான லார்ட் சேம்பர்லேன் அலுவலகம் இதே நிபந்தனையைத்தான் போட்டது. சிலை அழகு, மனுஷி குற்றம்.

நடனக்காரிக்கு அசையாமல் இருக்கச் சொன்னால் எப்படி? ஃபெய்த் பேக்கன் என்ற பெண் இந்தக் கணக்குக்கு ஒரு விடை கண்டுபிடித்தார். அசையும்போது மறைத்துக்கொள். இசை நின்று நீயும் நின்ற பிறகு மறைப்பை விலக்கு. அசையும்போது உடம்பு தெரியவில்லை, தெரியும்போது உடம்பு அசையவில்லை. சட்டத்தின் ஒரு எழுத்துகூட மீறப்படவில்லை. மறைப்புக்கு அவர் எடுத்துக்கொண்டது பெரிய இறகு விசிறிகள். 1930 ஜூலையில் பிராட்வேயில் ஏர்ல் கேரல் நடத்திய ‘வேனிட்டீஸ்’ காட்சியில் அவர் ஆடினார். நியூ ஆம்ஸ்டர்டாம் தியேட்டருக்குள் போலீஸ் புகுந்து கைதும் செய்தது. வழக்கு குற்றச்சாட்டு நிலையிலேயே விழுந்துவிட்டது.

விசிறி நடனம் என்றதும் உலகம் சொல்லும் பெயர் ஃபெய்த் பேக்கன் அல்ல. சாலி ராண்ட்.

மிசௌரி மாநிலத்துக் கிராமப்புறப் பெண். பிறந்த பெயர் ஹெலன் கூல்ட் பெக். சர்க்கஸ், மேடை, ஊமைப்படம் என்று சுற்றினார். ராண்ட் மெக்நாலி தேசப்பட நூலைப் பார்த்து இயக்குநர் செசில் டிமில் வைத்த பெயர்தான் சாலி ராண்ட் என்பார்கள். பேசும்படம் வந்ததும் வாய்ப்பு சுருங்கியது. 1933இல் அவருக்கு வயது 29. அமெரிக்காவில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லாத வருடம் அது. அந்தப் பஞ்சத்துக்கு நடுவில் சிகாகோ நகரம் தன் நூறாவது ஆண்டைக் கொண்டாட ‘செஞ்சுரி ஆஃப் பிராக்ரஸ்’ என்று ஓர் உலகக் கண்காட்சி போட்டது. மே 27 திறப்பு. அதற்கு முந்தின நாள் இரவு, ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் பாரிஸ்’ என்ற கேளிக்கைப் பகுதியில் செல்வந்தர்களுக்கு விருந்து. அங்கே சாலி ராண்ட் அழைப்பில்லாமல் போய் இறங்கினார், வெள்ளைக் குதிரைமேல், லேடி கொடைவா வேடத்தில். வரியைக் குறைக்கச் சொல்லி ஆடையின்றிக் குதிரை ஏறி ஊர்வலம் போனதாக ஆங்கிலேயர் கதை சொல்லும் அந்தச் சீமாட்டி. ரொட்டிக்கு வரிசை நிற்கும் ஊரில் சீமாட்டிகள் ஆயிரக்கணக்கில் கொட்டி கவுன் தைத்துக்கொண்டு விருந்துக்கு வருகிறார்களே, அதைக் குத்திக் காட்டத்தான் போனேன் என்று பிறகு விளக்கம் சொன்னார். விளம்பரத்துக்காகவும்தான் போயிருப்பார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். மறுநாள் பத்திரிகையில் அவர் படம். அடுத்து அதே ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் பாரிஸ்’ அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது.

அந்த நடனத்தை இன்றும் பார்க்கலாம். 1934இல் வந்த ‘பொலேரோ’ படத்தில் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு முன் நானும் என்னென்னவோ நினைத்திருந்தேன். பார்த்தபோது நினைவுக்கு வந்தது சிலம்பம். கம்பு சுழலும் வேகத்தில் ஆளுக்கு முன்னால் ஒரு சுவர் எழும்பி நிற்குமல்லவா, அப்படி. இரண்டு கையிலும் ஆளில் பாதி உயரத்துக்கு இறகு விசிறி. ஒன்று முன்னால் இருக்கும்போது மற்றது பின்னால். முன் விசிறி தோளைத் தாண்டிப் பின்பக்கம் போக வேண்டுமானால், பின் விசிறி அதற்கு முன்பே இடுப்பைச் சுற்றி முன்பக்கம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அரை நொடி பிசகினால் நடனம் முடிந்தது, வழக்கு தொடங்கியது. மணிக்கட்டு எட்டு போட்டுக்கொண்டே இருக்கிறது. நெருப்புக்கோழி இறகுக்கு ஒரு குணம், கை நின்ற பிறகும் நுனி கொஞ்ச நேரம் அலைந்து அடங்கும். அந்தக் கொசுறு அசைவையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டார். பார்வையாளன் கண் உடம்பைத் தேடி இறகின் பின்னால் ஓடும். போய்ச் சேரும்போது அங்கேயும் இறகுதான் இருக்கும். இசையோ டெபுஸியின் நிலவொளிப் பியானோ. நிலா வெளிச்சத்தில் ஒரு வெண்பறவை இறங்குவதுபோல ஆடுகிறேன் என்பது அவர் சொன்ன விளக்கம்.

உள்ளே உண்மையில் ஏதாவது அணிந்திருந்தாரா? சில நாள் தோல் நிறத்தில் ஒட்டிய உடுப்பு, சில நாள் உடம்பு முழுக்க வெள்ளைப் பூச்சு. எந்த நாள் எது என்று கொட்டகைக்குத் தெரியாது. சாட்சி சொல்ல வந்த போலீஸ்காரருக்கும் தெரியாது. ஒரே நாளில் நாலு தடவை கைதானார். ஒவ்வொரு கைதுக்கும் மறுநாள் டிக்கெட் வரிசை நீண்டது. கண்காட்சியையே கடனிலிருந்து காப்பாற்றியது சாலியின் விசிறிதான் என்று ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் மிகை.

மறு வருடம் கண்காட்சி இரண்டாம் பருவத்துக்குத் திறந்தபோது விசிறியை அப்போதைக்கு ஒதுக்கி வைத்தார். எல்லா ஊரிலும் விசிறி நடனக்காரிகள் முளைத்திருந்தார்கள். எனவே பலூன். ஐந்தடி விட்டமுள்ள ராட்சத பலூனுக்குப் பின்னால் ஆடுவது. சிறிய பலூன் எங்கும் கிடைக்கும். ஐந்தடிக்கு ஊதினாலும் வெடிக்காமல், விளக்கு வெளிச்சத்தைப் பாதி உள்ளே விட்டுப் பாதி தடுக்கும் பலூனைத் தனியாகச் செய்து வாங்க வேண்டியிருந்தது. விசிறி சொன்னபடி கேட்கும், பலூன் கேட்காது. மேல்நோக்கித் தட்டினால் அது இறங்கி வர எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஆடுகிறவர் என்ன செய்வது? அந்த நேரத்தையே நடனமாக்கியதுதான் அவருடைய சாதனை.

இனி நியூயார்க். மின்ஸ்கி சகோதரர்கள் நாலு பேர்: ஏப், பில்லி, ஹெர்பர்ட், மார்ட்டன். யூதக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த கீழ் கிழக்குப் பகுதியில் அவர்களின் அப்பாவுக்கு ஒரு கட்டடம். அதன் ஆறாவது மாடியில் நேஷனல் விண்டர் கார்டன் என்ற கொட்டகையை நடத்தினார்கள். பாரிஸில் பார்த்துவிட்டு வந்த ஏப், மேடையிலிருந்து பார்வையாளர் நடுவே நீளும் நடைமேடை ஒன்றைப் போட்டார். ஆடுகிறவரின் செருப்புச் சத்தம் காதருகே கேட்கும் தூரம். இன்னொரு ஏற்பாடு எனக்கு இதைவிடப் பிடிக்கும். டிக்கெட் கிழிப்பவரின் காலடியில் ஒரு மிதி பொத்தான். போலீஸ் தலை தெரிந்தால் மிதிப்பார். மேடை விளிம்பு விளக்கு வரிசையில் ஒரு சிவப்பு பல்ப் எரியும். உடனே மேடையில் ஆட்டம் அடக்க ஒடுக்கமாகிவிடும். அதற்கு ‘பாஸ்டன் பதிப்பு’ என்று பெயர். பாஸ்டன் அப்படிப்பட்ட ஆசாரமான ஊர்.

1931இல் மின்ஸ்கிகள் 42ஆம் தெருவுக்கே வந்துவிட்டார்கள். பொருளாதார வீழ்ச்சியில் பிராட்வே கொட்டகைகள் காலியாகக் கிடந்தன. பழைய ரிபப்ளிக் தியேட்டரைப் பிடித்தார்கள். அங்கே நட்சத்திரமானவர் ஜிப்ஸி ரோஸ் லீ.

பிறந்த ஊர் சியாட்டில், பிறந்த பெயர் ரோஸ் லூயிஸ் ஹோவிக். அம்மா ரோஸ், மகள்களை மேடையேற்றுவதையே பிறவி நோக்கமாகக் கொண்டவர். நம் சினிமா அம்மாக்களெல்லாம் அவருக்குக் கை கட்டி நிற்க வேண்டும். தங்கை ஜூன் நன்றாக ஆடுவாள், பாடுவாள். அக்காவுக்கு இரண்டும் சரியாக வராது. வாட்வில் எனும் பல்சுவை மேடைகள் சினிமாவால் அழிந்து, தங்கையும் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டபின், மிச்சமிருந்த அக்கா பர்லெஸ்க்குக்கு வந்து சேர்ந்தாள். ஆடத் தெரியாதவள், பாடத் தெரியாதவள். என்ன செய்வது?

நேரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் மேளத்துக்கு ஏற்ப இடுப்பை வெட்டிக்கொண்டிருந்தபோது ஜிப்ஸி நிதானமாக நடந்து வந்து நிற்பார். நீளக் கையுறையை விரல் விரலாக இழுப்பார். கவுனைத் தையல் போடாமல் குண்டூசிகளால் பிடித்து வைத்திருப்பார். ஓர் ஊசியை உருவுவார், பார்ப்பார், வாத்தியக் குழுவில் இருக்கும் டூபா என்ற பெரிய பித்தளைக் குழலின் வாய்க்குள் போடுவார். ‘டிங்’ என்று ஒரு சத்தம். கொட்டகை சிரிக்கும். அடுத்த ஊசி. அடுத்த ‘டிங்’. ஆடை விழுவதற்காகக் காத்திருந்தவர்கள் ஊசி விழும் சத்தத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார்கள். காட்சி முடியும்போது அவர் கழற்றியது என்று கணக்குப் பார்த்தால் அதிகம் ஒன்றும் இருக்காது.

அதோடு பேசவும் செய்தார். 1936இல் ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ் என்ற பிராட்வே காட்சியில் அவருக்கு ஓர் அங்கம். உடை களையும்போது அந்தப் பெண் மனத்தில் என்ன ஓடுகிறது என்று அவளே விவரிப்பது. நீங்கள் நினைப்பதல்ல, ஓவியமும் இலக்கியமுமாக ஓடுகிறது. பார்க்க வந்தவன் தன்னையே யாரோ பார்த்துவிட்டதுபோல நெளிவான். லிடியா தாம்சனுக்குப் பிறகு ஆண் கோமாளிகளிடம் போயிருந்த கேலியை ஒரு பெண் பிடுங்கிக்கொண்டு திரும்ப வந்தது இங்கேதான். இந்த வரலாற்றில் என்னைக் கேட்டால், பெரிய கண்டுபிடிப்பு விசிறியும் இல்லை பலூனும் இல்லை, இதுதான்.

1941இல் அவர் ‘தி ஜி-ஸ்ட்ரிங் மர்டர்ஸ்’ என்று ஒரு துப்பறியும் நாவல் எழுதினார். ஜி-ஸ்ட்ரிங் என்பது அந்தத் தொழிலின் கடைசி உடுப்பு. அரைஞாணில் கோத்த கோவணத் துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலையாளி அதனாலேயே கழுத்தை நெரிக்கிறான். நூல் நன்றாக விற்றது, பார்பரா ஸ்டான்விக் நடித்துப் படமாகவும் வந்தது. எழுதிய காலத்தில் புரூக்ளினில் அவர் தங்கியிருந்த வீட்டில் உடன் இருந்தவர்கள் கவிஞர் ஆடனும் நாவலாசிரியர் கார்சன் மெக்கல்லர்ஸும். வாடகை பங்கு.

இந்தக் காலத்திலேயே ஒரு வேடிக்கை. ஸ்ட்ரிப்டீஸ் என்ற பெயரே தொழிலைக் கெடுக்கிறது, கௌரவமான சொல் ஒன்று வேண்டும் என்று ஜார்ஜியா சதர்ன் என்ற நடனக்காரி 1940இல் எச். எல். மென்கனுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்க ஆங்கிலத்தைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய பண்டிதர் அவர். பாம்பு சட்டை உரிப்பதற்கு விலங்கியலில் ‘எக்டைசிஸ்’ என்று பெயர், எனவே ‘எக்டிசியஸ்ட்’ என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டார். அகராதியிலும் ஏறிவிட்டது. ஜிப்ஸிக்குப் பிடிக்கவில்லை, பண்டிதரைக் கிண்டலடித்தார். பாம்புக்கும் உடுப்புக்கும் ‘சட்டை’ என்று ஒரே சொல்லை வைத்திருக்கும் தமிழனுக்கு மென்கன் அவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம் என்று தோன்றும்.

இப்போது ஃபெய்த் பேக்கனிடம் திரும்ப வேண்டும். சிகாகோ கண்காட்சியிலேயே அவரும் ஆடினார், ‘அசல் விசிறி நடனக்காரி’ என்ற விளம்பரத்தோடு. கூட்டம் சாலியிடம் போயிற்று. 1938இல் தன் நடனத்தைத் திருடிவிட்டதாகச் சாலிமேல் வழக்குப் போட்டார். பிரயோஜனமில்லை. ஒரு நடனம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அமெரிக்க நீதிமன்றம் 1892இலேயே பதில் சொல்லியிருந்தது. பர்லெஸ்க் மேடையிலிருந்து வளர்ந்த லோயி ஃபுல்லர், பல கஜம் பட்டுத்துணியை விளக்கொளியில் சுழற்றும் தன் ‘பாம்பு நடன’த்தைக் காப்பியடித்தவர்மேல் வழக்குத் தொடர்ந்தார். கதை இல்லாத வெறும் அசைவுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று தள்ளிவிட்டார்கள். புத்திசாலி ஃபுல்லர், அசைவை விட்டுவிட்டு, கைக்குள் கோல் வைத்துத் தைத்த தன் ஆடைக்கு 1894இல் காப்புரிமை வாங்கினார். அதற்குள் பாரிஸ் போய்ப் புகழும் பெற்றிருந்தார். ஃபெய்த் பேக்கனுக்கு அந்த வழியும் இல்லை. விசிறி ஏற்கெனவே எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 1956இல் சிகாகோவில் ஒரு விடுதி ஜன்னலிலிருந்து குதித்து இறந்தார்.

திருட்டு என்று பார்த்தால் பர்லெஸ்க்கில் எல்லாமே திருட்டுதான். கோமாளிகளின் குட்டி நாடகங்கள் வாய்வழியாகப் பரவியவை, எழுதியவர் பெயர் கிடையாது. யாரும் எடுத்து ஆடலாம். பட் அபட், லூ காஸ்டெல்லோ என்ற இரண்டு கோமாளிகள் அந்தப் பொதுச் சொத்தைத் தேய்த்து மெருகேற்றி வானொலிக்கும் ஹாலிவுட்டுக்கும் கொண்டு போய்ப் பணக்காரர்களானார்கள். நகைச்சுவை நடிகர்கள் ஃபில் சில்வர்ஸும் பெர்ட் லாரும் அங்கிருந்து போனவர்கள்தாம். ஆண்களுக்குக் கதவு திறந்தது. பெண்கள் கொண்டு போகக்கூடிய சரக்கோ, 1934இல் கடுமையான ஹாலிவுட் தணிக்கை விதியின் முன்னால் நின்றுவிட்டது. எனவே அவர்கள் அதே மேடையில் ஒருவரையொருவர் மிஞ்சிப் புதிது புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

அதனால் விளைந்தவை கொஞ்சமா? ரோசிட்டா ராய்ஸ் புறாக்களைப் பழக்கினார். மேடையில் அவை உடம்பில் உட்கார்ந்து மறைக்கும், ஆடையின் பகுதிகளை எடுத்துக்கொண்டும் போகும். ஸொரீட்டா மலைப்பாம்புகளோடு ஆடினார். உடம்பின் ஒரு பாதியில் ஆண் உடையும் மறு பாதியில் பெண் உடையும் அணிந்து, ஒரு பாதி மறு பாதியைத் தழுவுவதாக ஆடியதும் அவரே. அர்த்தநாரியைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது அதிசயமில்லை, அமெரிக்காவுக்கு அதிசயம். சான்பிரான்சிஸ்கோவில் சார்லி லோ நடத்திய ஃபர்பிடன் சிட்டி விடுதியில் சீன அமெரிக்கப் பெண் நோயல் டாய் பலூன் நடனம் ஆடினார். ‘சீனத்துச் சாலி ராண்ட்’ என்று விளம்பரம். லிலி செயின்ட் சிர் எல்லாவற்றையும் தலைகீழாக்கினார். மேடையில் ஒரு குளியல் தொட்டி. அதிலிருந்து எழுந்து வந்து ஆடை அணிந்துகொள்வதுதான் காட்சி. 1951இல் ஹாலிவுட் இரவு விடுதி ஒன்றில் இதற்காகக் கைதாகி, வழக்கில் விடுதலையானார்.

நட்சத்திரங்களின் கதையை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். கூட்டு நடனத்தில் கடைசி வரிசையில் நின்ற பெண்களுக்கு ஒரு நாளைக்குப் பல காட்சி, சொற்பக் கூலி. 1935இல் நியூயார்க் பர்லெஸ்க் கலைஞர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். அவர்களில் எத்தனை பேர் எதைக் கண்டுபிடித்து யாருக்குப் பறிகொடுத்தார்கள் என்பதற்கு வரலாற்றில் பக்கம் இல்லை.

நியூயார்க்கில் முடிவு 1937இல் வந்தது. மேயர் லகார்டியா பர்லெஸ்க்கை ஒழிக்கத் தருணம் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிரிமாரும் 42ஆம் தெரு நிலச் சொந்தக்காரர்களும் அவர் பக்கம். ஏப்ரலில் ஹார்லெமில் ஏப் மின்ஸ்கியின் கொட்டகை ஒன்றில் ஒரு பெண் ஜி-ஸ்ட்ரிங்கும் இல்லாமல் ஆடியதாக வழக்கு. அது போதுமானதாக இருந்தது. மே மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய நாளில், லைசென்ஸ் ஆணையர் பால் மாஸ் நகரின் 14 பர்லெஸ்க் கொட்டகைகளில் ஒன்றுக்கும் கையெழுத்துப் போடவில்லை. சில மாதம் கழித்துச் சிலவற்றைத் திறக்க விட்டார்கள், நிபந்தனையோடு. ஸ்ட்ரிப்டீஸ் கூடாது. பெயர்ப்பலகையில் ‘பர்லெஸ்க்’ என்ற சொல் கூடாது. ‘மின்ஸ்கி’ என்ற பெயரும் கூடாது! ஒரு குடும்பத்தின் பெயரையே ஒரு நகரம் ஆபாசச் சொல்லாக அறிவித்த வேறு சம்பவம் என் நினைவில் இல்லை. 1942இல் மிச்சமும் மூடப்பட்டது.

கலைஞர்கள் சிதறினார்கள். ஜிப்ஸியின் சுயசரிதை 1957இல் வந்து, இரண்டே வருடத்தில் பிராட்வே இசை நாடகமானது. அதில் மூன்று மூத்த நடனக்காரிகள் சின்னப் பெண்ணுக்குப் பாடம் சொல்லும் காட்சி உண்டு. ஒருத்தி ஊதுகுழல் ஊதுகிறாள், ஒருத்தி உடம்பெல்லாம் மின்விளக்கு மாட்டியிருக்கிறாள், ஒருத்தி பாலே ஆடுகிறாள். உனக்கென்று ஒரு யுக்தி இல்லாவிட்டால் பிழைக்க முடியாது என்பதுதான் பாடம். ஜிப்ஸி 1970இல் காலமானார். சாலி ராண்ட் 1979இல் இறந்தார். விசிறி நடனத்தைக் கைவிடவில்லை, எழுபது வயது தாண்டியும் ஆடினார். 1962இல் ஹூஸ்டனில் விண்வெளி வீரர்களுக்கு அளித்த வரவேற்பில் அவர் ஆட்டம் இருந்தது. அவருடைய விசிறிகள் இன்று சிகாகோ வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன. நாலு தடவை கைது செய்த அதே ஊர்.

அடுத்த வாரம் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்துக்குப் போகலாம். ஜென்னி லீ என்ற நடனக்காரி, ஆடி ஓய்ந்த தோழிகளின் இறகுகளையும் கையுறைகளையும் ஒரு பழைய ஆட்டுப்பண்ணையில் சேர்த்து வைத்த கதை.

போகுமுன் ஒன்று. ஜிப்ஸி குண்டூசி போட்ட ரிபப்ளிக் தியேட்டர் இடிபடவில்லை. 42ஆம் தெருவில் அதே இடத்தில்தான் நிற்கிறது. 1942இல் விக்டரி என்று பெயர் மாற்றிச் சினிமாக் கொட்டகையாக்கினார்கள். 1995இல் புதுப்பித்து நியூ விக்டரி என்று திறந்தார்கள். இப்போது அங்கே குழந்தைகளுக்கு மட்டும் நாடகம் போடுகிறார்கள்.

(தொடரும்)